நாட்டைத் தேர்ந்தெடு

சிம் லிம் டவரில் திரு. கோ
அதை ஒரு பிஸ்கட்போல் நீட்டினார்.
இவ்வளவுதானா என்றேன்.
கணினி இவ்வளவுதான் ஆன்ட்டி, மற்றதெல்லாம் தனி.
அட்டை தனி, கேபிள் தனி,
சட்டைபோல் ஒரு மூடி, அதுவும் தனி.
அடாப்டரை மட்டும் வேண்டாம் என்றேன்.
வீட்டில் டிராயர் நிறைய சார்ஜர் கிடக்கிறதே.

ஈசூன், ஐந்தாம் மாடி, பகல் பதினொன்று.
செனோக்கோ ரொட்டி ஆலையில் விடிய விடியப்
பொட்டலங்களுக்கு நாளைய தேதி குத்திவிட்டு வந்தவள்
தூங்கவேண்டிய நேரம்.
நகமளவு அட்டையில் லினக்ஸ் ஏற
இருபத்தெட்டு நிமிடம் பிடித்தது.
அதற்குள் சோறு வெந்தது, துணி காயப்போட்டாயிற்று.

சிவப்பு விளக்கு எரிந்தது, பச்சை திக்கியது.
டிவியின் மூலையில் மஞ்சளாய் ஒரு மின்னல்.
அழகுக்கு என்று நினைத்தேன்.
பசியாம்.
பழைய கைப்பேசியின் சார்ஜர்
அதற்குக் கால்வயிறுகூடக் காணாது.
மறுநாள் மறுபடி சிம் லிம்.
திரு. கோ ஒன்றும் கேட்கவில்லை,
அடாப்டரை எடுத்து வைத்திருந்தார்.

பிறகு கேள்விகள்.
பெயர்?
சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் என்றது.
வேலை பாஸில் இரண்டாய் உடைந்த தில்லைநாயகி
இங்கேதான் ஒன்றாய்ச் சேர்ந்தாள்.
கடவுச்சொல்?
தட்டத் தட்டத் திரையில் ஒன்றும் விழவில்லை,
ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம் கிடையாது.
கெட்டுப்போச்சு என்று மூன்று முறை எழுந்துவிட்டேன்.
கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது,
முகத்தில் காட்டாமல்.

அது தன் பாட்டுக்கு லண்டனில் இருந்தது.
மணி லண்டன் மணி.
பக்கத்து வீட்டு நோர்லிசா இரவல் தந்த விசைப்பலகையை
வெள்ளைக்காரப் பலகை என்றே நம்பியது.
நான் @ என்று தட்டினதை
மேற்கோள்குறி என்று எழுதி வைத்திருந்தது.
இது புரிய
எனக்கு இரண்டு பகல் தூக்கம் போயிற்று.

நாட்டைத் தேர்ந்தெடு.
நாடு சொல்லும்வரை வைஃபை இல்லை.
இந்தக் கவுண்டரில் நான் நின்றிருக்கிறேன்.
நீல அட்டை கைக்கு வர ஏழு வருஷம்,
இரண்டு முறை வருந்துகிறோம் என்று கடிதம்.
இதற்கு அம்புக்குறியை இறக்கிக்கொண்டே போனால் போதும்:
ஷாங்காய்க்குக் கீழே,
வாயில் நுழையாத ஒரு ரஷ்ய ஊருக்கு மேலே,
சிங்கப்பூர்.
என்டர்.
ஏழு மணிநேரத்தை ஒரே எட்டில் தாண்டி வந்து
என் மேசையில் உட்கார்ந்தது.

ஒரு கோப்பைத் திறந்தால் அனுமதி இல்லை என்றது.
என் காசு, என் மேசை.
அதே வரிக்கு முன்னால் சூடோ என்று போட்டேன்.
சரி என்றது.
எங்கள் ஆலையிலும் அப்படித்தான்,
சூப்பர்வைசர் பெயரைச் சொன்னால் ஸ்டோர் திறக்கும்.

நடுவில் ஒருநாள் அவசரத்தில்
சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கைப் பிடுங்கினேன்.
அட்டை போய்விட்டது.
முதலிலிருந்து எல்லாம்,
ஆனால் இந்தமுறை ஒரு கேள்விக்கும் நான் தயங்கவில்லை.

இப்போது செருப்பு அலமாரியின்மேல் இருக்கிறது.
கை அகலத் திரையில்
என் பேருந்து வர எத்தனை நிமிடம், அதற்கடுத்தது எத்தனை.
தூங்கப்போகும்போது முறையாக அணைக்கிறேன்.
அதற்குள் கடிகாரத்துக்கென்று பேட்டரி இல்லை.
கண்மூடிய நேரம் எதுவோ
கண்விழிக்கும்போதும் அதையே சொல்லும்,
வலை கிடைத்து, எங்கோ ஒரு சர்வரைக் கேட்டு,
திருத்திக்கொள்ளும்வரை.

சாயங்காலம் ஐந்தரை.
விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
நேற்றா, இன்றா,
நான் குத்திய தேதிதான் வந்துவிட்டதா.
கொஞ்சநேரம் இருவருக்குமே மணி தப்பு.
அதுதான் முதலில் தெளிகிறது.

பேருந்து: நான்கு நிமிடம்.
இதை விட்டுவிடலாம்.
அடுத்தது பதினேழு.